காட்டுத்தீக்கு மேலே பறக்கும் வேலை

2024 மார்ச் நடுவில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதிக் காட்டில் பற்றிய தீ நாள்கணக்கில் அடங்கவில்லை. வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் சரிவில் ஏறி இறங்கிப் போராடிக்கொண்டிருந்தபோது, சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து மி-17 வி5 ஹெலிகாப்டர் வந்தது. வயிற்றுக்கடியில் தொங்கிய பக்கெட்டில் ரேலியா அணையின் தண்ணீரை அள்ளி அள்ளிக் காட்டின் மேல் கொட்டியது. மொத்தம் சுமார் 16,000 லிட்டர் கொட்டியதாக விமானப்படை அறிவித்தது. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு “இந்த வேலைக்கு எப்படிப் போவது?” என்று கேட்கும் திருச்சி, ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த அத்தியாயம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் காட்டுத்தீ அணைக்கும் ஹெலிகாப்டர் விமானி என்று தனியாக ஒரு பதவி இல்லை. அதற்கு விளம்பரம் வராது, தேர்வு நடக்காது. தீ கைமீறும்போது மாநில அரசு கேட்கும், விமானப்படை அனுப்பும். 2021 ஜனவரியில் நாகாலாந்து எல்லையின் ஜூக்கோ பள்ளத்தாக்கு, 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம், 2024 ஏப்ரலில் நைனிடால் என்று எங்கே எடுத்தாலும் நடைமுறை இதுதான். நேற்று வெள்ளத்தில் ஆட்களை மீட்டவரும் நாளை எல்லைக் காவலுக்குச் சாமான் கொண்டுபோகிறவரும்தான் இன்று பக்கெட்டைத் தூக்குகிறார். எனவே நீங்கள் ஆக வேண்டியது படையின் ஹெலிகாப்டர் விமானி. தீ அணைப்பது அந்த வாழ்க்கையில் சில பங்குனி, சித்திரைகளில் வந்து சேரும் கடமை. இதை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் மேலே படியுங்கள். ஏற்க முடியாதவர்களுக்குக் கடைசிப் பகுதியில் வேறு ஒரு வழி சொல்லியிருக்கிறேன். அது நீளமானது, செலவும் அதிகம்.

முதலில் கண்ணைக் காட்டுங்கள்

கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் போய்வாருங்கள். கிட்டப்பார்வை, நிறம் பிரித்தறியும் திறன் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். விமானப்படையின் பறக்கும் பிரிவு கிட்டப்பார்வையை ஏற்பதில்லை. நிறப்பார்வையில் குறை இருந்தால் அதற்கு மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை. புள்ளிப்புள்ளியாய் எண் மறைந்திருக்கும் அந்த அட்டைகளைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார்கள். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சில நிபந்தனைகளோடு எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டின் மருத்துவ விதிகளைப் படித்துப் பார்க்காமல் அவசரப்பட்டுக் கண்ணில் கைவைக்க வேண்டாம்.

அடுத்தது உயரம். விமானிக்குக் குறைந்தபட்சம் 162.5 செ.மீ. வேண்டும். கால் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், உட்கார்ந்த உயரத்துக்கும் தொடை நீளத்துக்கும் தனி வரம்பு உண்டு. வீட்டிலேயே சுவரோரம் நின்று அளந்து பார்க்கலாம். இதில் தேறாத பிள்ளைக்கு அதைப் பதினாறு வயதில் சொல்லிவிடுவதே நல்லது. இருபத்திரண்டு வயதில், இரண்டு தேர்வு எழுதி முடித்த பிறகு தெரிய வந்தால் வீடே உடைந்துபோகும்.

படிப்பும் வாசல்களும்

பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். இன்ஜினீயரிங் படித்தால்தான் முடியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. வாசல்கள் முக்கியமாக இரண்டு.

பிளஸ் டூ முடிக்கும் நிலையில் இருப்பவருக்கு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. 2021-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் எழுதுகிறார்கள், 2022 முதல் அகாடமியில் சேர்ந்து பயிற்சி பெறுகிறார்கள். பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதை அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். விமானப்படையில் பெண்கள் ஹெலிகாப்டர் ஓட்டுவது தொண்ணூறுகளிலிருந்தே நடப்பது.

பட்டதாரிகளுக்கு அஃப்கேட் (விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு). எந்தப் பாடத்திலும் 60 விழுக்காட்டோடு பட்டம் பெற்றிருக்கலாம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தலா 50 விழுக்காடு வேண்டும். பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24, வணிக விமானி உரிமம் கையில் இருந்தால் 26 வரை. நூறு கேள்விகள், முந்நூறு மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. தமிழ் வழியில் படித்தவர்கள் தடுமாறுவது கணக்கில் இல்லை, ஆங்கிலத்தில்தான். அதற்கு மூன்று மாதக் கோச்சிங் போதாது. கல்லூரியின் முதல் ஆண்டிலிருந்தே தினம் ஆங்கில நாளிதழின் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். வானொலியில் ஒரே தடவையில் புரியும்படி பேசுவதும் விமானியின் வேலைதான், அதற்கும் இதே பழக்கம் உதவும்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுச் சேருங்கள். ‘சி’ சான்றிதழ் வாங்கியவர்களுக்குத் தனி நுழைவு வழி உண்டு. நீச்சல் தெரியாவிட்டால் அண்ணா ஸ்டேடியத்து நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்ளுங்கள், காவிரியில் வேண்டாம். மேலணைப் பக்கத்துச் சுழல்கள் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்திருக்கின்றன என்று திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களை விமானப்படைத் தேர்வு வாரியத்துக்கு அழைப்பார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூரு. முதல் நாளில் படத்தைப் பார்த்துக் கதை சொல்லும் சோதனை, பிறகு குழுச் சோதனைகள், நேர்காணல். பறக்கும் பிரிவுக்கு இவற்றோடு கணினி வழி விமானித் தேர்வு ஒன்று உண்டு. கண், கை, கால் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதை எழுத முடியும். தவறினால் விமானியாகும் வாசல் மூடிக்கொள்ளும், மற்றப் பிரிவுகள் திறந்தே இருக்கும். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள், காய்ச்சலோடு போகாதீர்கள், விளக்கக் குறிப்பை இறுதி வரி வரைக்கும் கேட்டுவிட்டுக் கையை வையுங்கள். இதைத் தவிர யார் என்ன ‘உத்தரவாதப் பயிற்சி’ விற்றாலும் வாங்காதீர்கள்.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த அப்துல் கலாம், விமானியாகத்தான் ஆசைப்பட்டார். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. எண்ணிக்கை எப்போதும் இவ்வளவு நெருக்கமாகத்தான் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டாவது திட்டம் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

தேர்ந்தவர்கள் ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகல் விமானப்படை அகாடமியில் முதலில் சாதாரண விமானம் ஓட்டக் கற்கிறார்கள். அதன்பின் போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் முடிவு உங்கள் திறமையையும் படையின் தேவையையும் பொறுத்தது. ஹெலிகாப்டர் கிடைத்தவர்கள் ஹக்கிம்பேட்டைக்குப் போய்ச் சேத்தக் ஹெலிகாப்டரில் பழகுவார்கள். கடற்படை வழியாகவும் வரலாம். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணம் ராஜாளி தளத்திலேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது கடற்படை ஹெலிகாப்டர்களும் சூலூர் மி-17-உம் சேர்ந்துதான் தண்ணீர் கொட்டின.

காற்று மெலியும் இடம்

இனிச் சொல்லப்போவதை எந்தக் கோச்சிங் புத்தகமும் சொல்லாது. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஹெலிகாப்டரைத் தூக்குவது காற்று. காற்று சூடாக இருந்தால் மெலியும், உயரம் கூடினாலும் மெலியும். காட்டுத்தீ வருவதோ கோடையில், மலையில். அதாவது காற்று மிக மெலிந்திருக்கும் நேரத்தில், மிக மெலிந்திருக்கும் இடத்தில், மிகக் கனமான சுமையைத் தூக்கச் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெப்பநிலைக்கு ஒரு பொது அளவு உண்டு. கடல்மட்டத்தில் 15 டிகிரி, மேலே ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி வீதம் குறையும். அந்த அளவைவிட எத்தனை டிகிரி சூடோ, அத்தனை 120 அடிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குன்னூர் சுமார் 6,000 அடி உயரம். பொது அளவுப்படி அங்கே 3 டிகிரி இருக்க வேண்டும். மார்ச் நண்பகலில் 25 டிகிரி என்றால் 22 டிகிரி கூடுதல். 22 பெருக்கல் 120, ஏறத்தாழ 2,640 அடி. ஆக, 6,000 அடியில் பறக்கும் எந்திரத்துக்கு 8,600 அடியில் இருப்பதுபோல் இருக்கும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. இதே கணக்கைத் திருச்சிக்குப் போடுங்கள். மே மாதம் 40 டிகிரியில் திருச்சி விமான நிலையத் தரையில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு அது 3,300 அடிக்கு மேற்பட்ட மலைதான்.

அடுத்து சுமை. மி-17 வி5 அதிகபட்சம் 13,000 கிலோவோடு கிளம்பலாம். எந்திரம், எரிபொருள், ஆட்கள், பக்கெட், தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், மலையில் அந்த வரம்பும் சுருங்கும். பாம்பி பக்கெட் எனப்படும் அந்தத் தொங்கு பக்கெட்டில் 3,500 லிட்டர் என்றால் 3,500 கிலோ. முழுக்க நிரப்ப முடியுமா, முக்கால் பங்குதானா என்று கிளம்பும் முன்பே அட்டவணையைப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். எரிபொருளைக் குறைத்தால் தண்ணீர் கூடும், ஆனால் பறக்கும் நேரம் குறையும். நல்ல கேப்டன் இந்தக் கணக்கை ஆசையால் போடமாட்டார்.

தண்ணீர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது பக்கெட்டின் அளவைவிட முக்கியம். தீயிலிருந்து 3 கி.மீ.யில் ஏரி இருந்து, போக வர நாலு நிமிடம், அள்ளிக் கொட்ட மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எட்டு நடை, 28,000 லிட்டர். ஏரி 15 கி.மீ. தள்ளி இருந்தால் அதே வேகத்தில் போக வரவே இருபது நிமிடம்; மணிக்கு இரண்டு நடைதான், 7,000 லிட்டர். நைனிடால் தீக்கு பீம்தால் ஏரியும், சரிஸ்காவுக்கு சிலிசேர் ஏரியும், குன்னூருக்கு ரேலியா அணையும் கிடைத்தது பாதி வெற்றி. மலையூர்களின் நீர்நிலைகளைத் தூர் வாரி வைப்பதும் தீயணைப்புதான் என்று நான் நினைக்கிறேன். பிப்ரவரியில் வற்றிக் கிடக்கும் ஏரியில் எந்த விமானியாலும் தண்ணீர் அள்ள முடியாது.

அள்ளுவதும் கொட்டுவதும்

பாம்பி பக்கெட் என்பது 1980-களின் தொடக்கத்தில் கனடாக்காரர் டான் ஆர்னி உருவாக்கிய ஆரஞ்சு நிறத் துணிப் பை. மடக்கிய குடைபோல ஹெலிகாப்டருக்குள்ளேயே வைத்து எடுத்துப் போகலாம். வாய் விளிம்பிலிருந்து கயிறுகள் மேலே போய்ச் சேர்ந்து, எந்திரத்தின் வயிற்றில் உள்ள கொக்கியில் மாட்டப்படும். அடியில் ஒரு வால்வு. விமானி பொத்தானை அமுக்கினால் அது திறந்து தண்ணீர் மொத்தமாய் இறங்கும்.

அள்ளும்போது விமானிக்குப் பக்கெட் தெரியாது. அது அவர் காலுக்குக் கீழே, பின்னால் தொங்குகிறது. கதவோரம் படுத்தபடி எட்டிப் பார்க்கும் சக வீரர்தான் கண். “முன்னால் அஞ்சு... மூணு... நிறுத்துங்க, இறங்குங்க” என்று ஹெட்செட்டில் வரும் குரலை நம்பி எந்திரத்தைக் காற்றில் அசையாமல் நிறுத்த வேண்டும். நாலாபுறமும் தண்ணீர் மட்டுமே தெரியும்போது தான் நகர்கிறோமா நிற்கிறோமா என்பதே குழம்பும். கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ குறிவைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கெட் சாய்ந்து, மூழ்கி, நிரம்பி, மெல்ல மேலே வரும். அந்தத் தருணத்தில் 3,000 கிலோவுக்கு மேலான எடை மொத்தமும் கொக்கியில் வந்து விழும். தரைக்கு மிக அருகில் மிதக்கும்போது விசிறிக் காற்று தரையில் பட்டுக் கொஞ்சம் தாங்கும். பக்கெட் கயிற்றின் நீளத்துக்கு மேலே நிற்கும்போது அந்தத் தாங்கலும் கிடைக்காது. எந்திரத்தின் முழு வலுவும் அங்கேதான் செலவாகும். ஆபத்து என்றால் தண்ணீரை விட்டுவிட வேண்டும், அதுவும் போதாவிட்டால் பக்கெட்டையே கழற்றிவிட வேண்டும். பக்கெட் போனால் வேறு வாங்கலாம்.

கொட்டும் இடத்தில் வேறு வகைச் சிக்கல். விசிறியின் கீழ்க்காற்று தீயை ஊதிவிடும். மிகத் தாழ்ந்து, மிக மெதுவாகப் போனால் அணைக்க வந்தவரே தீயை வளர்த்துவிடுவார். மிக உயரத்தில் கொட்டினால் தண்ணீர் காற்றில் சிதறித் தரைக்கே வராது. எந்த உயரம் சரி என்பது காற்றையும் மரத்தையும் பொறுத்து மாறும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. மர உச்சிக்கு மேலே நூறு அடியில் பறப்பது என்றால் அந்தக் கோபுரத்தில் பாதிகூட இல்லை. அவ்வளவு கிட்டத்தில், புகைக்குள், மேலே எழும் வெப்பக்காற்று உலுக்க உலுக்கப் போக வேண்டும். அதனால் கொட்டிய பிறகு எந்தப் பக்கம் வெளியேறுவது என்று முன்பே பார்த்துவைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். வெளியேறும் வழி பள்ளத்தாக்குப் பக்கமாக, கீழ்நோக்கி இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களின் மேலே ஓடும் மின்கம்பிகள் புகையில் சுத்தமாகத் தெரியாது. முதல் சுற்றில் தண்ணீரே இல்லாமல் பறந்து பார்ப்பது அதற்காகத்தான்.

வானிலை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி, முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரைச் சுமந்து சூலூரிலிருந்து வெலிங்டன் போன மி-17 வி5, குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. அனைவரும் உயிரிழந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் போராடிப் பிறகு இறந்தார். எந்திரத்தில் கோளாறு இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்கு இடஞ்சார்ந்த உணர்வு தவறியதே காரணம் என்று விசாரணை சொன்னது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். நீலகிரியில் பறக்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் அந்த விசாரணை முடிவை ஒரு முறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும்.

கீழே நிற்பவர்கள்

ஹெலிகாப்டர் காட்டுத்தீயை அணைத்து முடிப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைத்து, கீழே இருப்பவர்களுக்கு நேரம் வாங்கித் தருகிறது. நம் மலைகளில் எரிவது பெரும்பாலும் தரைத்தீ. காய்ந்த சருகு, புல், உண்ணிச்செடிப் புதர் என்று கால்மட்டத்தில் ஓடும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனி புல்லைக் கருக்கிவிட, மார்ச்சில் அதுவே எரிபொருளாகிறது. பச்சைக் கொப்பால் அடித்தும், சருகைக் கூட்டி வெட்டவெளிப் பட்டை எடுத்தும், எதிர்த்தீ வைத்தும் அதை முடித்து வைப்பவர்கள் வனக்காப்பாளர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் பழங்குடி மக்களும்தான். தண்ணீரை எங்கே கொட்ட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் தலையில் 3,000 லிட்டர் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்தன. ஆனாலும் புல் பற்றி எரிந்த வேகத்துக்கு முன்னால் எந்த உதவியும் தாமதம்தான். ஆகவே தீயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் உங்களுக்கு அக்கறை வரட்டும். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள்கள் காணும் வெப்பப் புள்ளிகளை உடனுக்குடன் வெளியிடுகிறது. அதில் பதிவு செய்தால் செய்தி உங்கள் கைபேசிக்கே வரும். நம் மாவட்டத்திலேயே துறையூருக்கு மேலே பச்சைமலை இருக்கிறது. கோடையில் அங்கே எங்கெங்கே புள்ளி விழுகிறது, அன்று காற்று எந்தத் திசை, பக்கத்தில் எந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது, அதன் கரையில் மின்கம்பி போகிறதா என்று ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள். இதற்கு மலையேற வேண்டாம். தீக்காலத்தில் வனத்துறை அனுமதியில்லாமல் ஏறவே கூடாது.

சீருடை வேண்டாம் என்பவர்களுக்கு

வணிக ஹெலிகாப்டர் விமானி உரிமத்தை டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) தருகிறது. வயது 18, கணிதம், இயற்பியலோடு பிளஸ் டூ, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, வழிசெலுத்தல், வானிலை, விமான விதிகள், எந்திரவியல், வானொலி ஆகிய தேர்வுகள், 150 மணி நேரப் பறப்பு. பிளஸ் டூவில் அந்தப் பாடங்கள் இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிச் சேர்க்கலாம். சாதாரண விமானத்துக்கு வாங்கும் உரிமம் ஹெலிகாப்டருக்குச் செல்லாது, சேரும்போதே இதைக் கேட்டுத் தெளியுங்கள். உள்நாட்டில் ஹெலிகாப்டர் கற்றுத்தரும் இடங்கள் மிகக் குறைவு. அதனால் பலர் அமெரிக்கா போய் ராபின்சன் ஆர்22, ஆர்44-இல் கற்றுவருகிறார்கள். வீட்டை அடமானம் வைத்துத்தான் முடியும் என்றால் என் ஆலோசனை வேண்டாம் என்பதே. உரிமம் வாங்கி வருகிறவருக்கு இங்கே கிடைப்பது கடல் எண்ணெய்க் கிணறு, புனிதப் பயணம், முக்கியப் பிரமுகர் பயண வேலைகள், அதுவும் மணி நேரம் சேர்ந்த பிறகுதான். தீயணைப்பு இல்லை.

தீயணைப்பையே தொழிலாகச் செய்யும் தனியார் நிறுவனங்கள் இருப்பது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென் ஐரோப்பா போன்ற இடங்களில். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் ஏர்கிரேன் போன்ற எந்திரங்களை அங்கே பார்க்கலாம். அமெரிக்க வனத்துறை ஒப்பந்தத்தில் பறக்க விமானிக்கு ஹெலிகாப்டரில் 1,500 மணி நேர அளவில் அனுபவம் கேட்கிறார்கள். அதில் மலைப் பறப்பு தனியாக இருக்க வேண்டும். நீண்ட கயிற்றில் சுமை தொங்க, கதவு வழியே தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டே ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு மேல் அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமையும் வேண்டும். படையில் பணி முடித்துவிட்டு அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், முதல் நாளிலிருந்தே லாக் புக்கில் மலை, இரவு, தொங்குசுமை என்று பிரித்து மணி நேரத்தை எழுதி, அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்து அதைத் தேடி எழுதித்தர ஆள் கிடைக்கமாட்டார்கள்.